படிக்காமல் எழுதிய பின்னூட்டம்

இணையப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எழுதுவதைப் பற்றியே இருக்கிறது. தலைப்பு எப்படி வைப்பது, முதல் பத்தி எவ்வளவு நீளம் போகலாம், படம் மேலே வரவேண்டுமா நடுவில் வரவேண்டுமா. அடுத்தவர் எழுதியதற்குக் கீழே என்ன எழுதுவது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள் போலும். கைதட்டும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டுகளில், நம் நாளிதழின் சேலம் பதிப்பில் தினமும் செய்தி மேசைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, இந்த வட்டாரத்து வலைப்பூக்களைப் படித்துப் பின்னூட்டம் எழுதுவது. அலுவலகத்தில் யாரும் அதை வேலையாகக் கருதவில்லை. "அந்தோணி சார் அரட்டைக்கு உட்கார்ந்துட்டாரு" என்பார்கள். நானும் மறுத்ததில்லை. சொந்தப் பெயரில் எழுதுவேன். பெரும்பாலும் ஒரு கேள்வி. கேட்பதற்கு ஒன்றுமில்லை என்றால் எழுதமாட்டேன்.

சங்ககிரியைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர், வழியில் சாப்பிட்ட ஓட்டல்களைப் பற்றி மட்டும் எழுதுவார். பல ஆண்டுகளாகச் சாப்பிட்டுவந்த ஓட்டல் ஒன்று மூடிக்கிடந்தது என்று ஒருநாள் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். கீழே வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து வருத்தப்பட்டார்கள். நான் "ஏன் மூடினார்கள்?" என்று கேட்டேன். புறவழிச்சாலை திறந்த பிறகு லாரிகள் அந்த ஊருக்குள் போவதில்லை, பஞ்சர் கடை, டயர் கடை, டீக்கடை எல்லாம் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன என்று பதில் வந்தது. பதிவைவிடப் பதில் நீளம். எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரை கிடைத்தது. அவருக்கு அடுத்த பதிவு கிடைத்தது. இரண்டும் ஒரு கேள்வியில் கிடைத்தவை. நிருபரை அனுப்பியிருந்தால் அந்த ஊரில் எங்கே நின்று யாரைக் கேட்பது என்றே அவருக்குத் தெரிந்திருக்காது.

பின்னூட்டத்தின் பயன் இவ்வளவுதான் என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். அதன் மறுபக்கத்தைக் காட்டியது நாமக்கல் பக்கம் நடந்த ஒரு விவகாரம். அதைச் சொல்வதற்கு முன் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும்.

வலைப்பூக்காரர்கள் அதை மொய் என்றார்கள். நீங்கள் என் பதிவுக்கு ஒரு பின்னூட்டம் வைத்தால், நான் உங்கள் பதிவுக்கு ஒன்று வைக்கவேண்டும். வைக்காதவரின் பக்கத்துக்குக் கூட்டம் தானாகக் குறையும். அதனால் காலையில் டீ ஆறுவதற்குள் தெரிந்த பக்கங்களுக்கெல்லாம் போய் "அருமை", "வாழ்த்துகள்", "தொடருங்கள்" என்று வைத்துவிட்டு வருவார்கள். சிலர் அதிலும் ஒரு தனி முத்திரை வைத்திருந்தார்கள். இளம்பிள்ளையில் சேலை உற்பத்தி செய்யும் மாணிக்கம் என்பவர் எந்தப் பதிவானாலும் "எங்கள் ஊரிலும் இதே நிலைதான் நண்பரே, தொடருங்கள்" என்று எழுதி, கீழே தன் பெயரையும் ஊரையும் போடுவார். மின்வெட்டுக்கும் அதுதான், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் அதுதான். ஒருவர் தன் முதல் விமானப் பயணத்தை எழுதியபோதும் எங்கள் ஊரிலும் இதே நிலைதான் என்று வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. எல்லோருடனும் இணக்கமாக இருக்க விரும்பிய மனிதர்.

நாமக்கல் பக்கத்தில் தங்கவேல் என்பவர் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தார். பண்ணையைப் பற்றி எழுதுவார். அலங்காரம் இருக்காது. கோழிக்கு ஏன் இரவில் விளக்கு போடுகிறோம், தீவனம் மாற்றினால் முட்டையின் ஓடு எப்படி மாறுகிறது, இப்படி. நான் கேட்டால் படம் எடுத்துப்போட்டுப் பதில் சொல்வார். நேரில் பார்த்ததில்லை. தொலைபேசி எண் மட்டும் கொடுத்து வைத்திருந்தார்.

கடும் கோடையில் ஒருநாள் காலை அவருடைய பதிவு இப்படி இருந்தது: கொட்டகைக்குள் போனபோது ஒரு வரிசைக் கோழிகள் வாயைத் திறந்தபடி செத்துக் கிடந்தன. கால்நடை மருத்துவர் வந்து சோதனைக்கு எடுத்துப் போயிருக்கிறார். என்ன காரணம் என்று தெரியவில்லை. மூன்றே வரி. அதிர்ச்சியில் இருந்தவர் எழுதியது.

நான் பார்த்தபோது கீழே மூன்று பின்னூட்டங்கள் இருந்தன. முதலாமவர் முதல் பின்னூட்டம் தன்னுடையது என்று பெருமைப்பட்டிருந்தார். இரண்டாமவர் "அருமையான பதிவு, வாழ்த்துகள்" என்றிருந்தார். மூன்றாவது: "எங்கள் ஊரிலும் இதே நிலைதான் நண்பரே, தொடருங்கள். மாணிக்கம், இளம்பிள்ளை."

முதல் இரண்டையும் அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். மூன்றாவதைப் படித்ததும், மாணிக்கத்தைத் தெரியாத ஒருவர் இதை எப்படிப் படிப்பார் என்று யோசித்தேன். அதற்குக் கீழே "உங்கள் ஊரில் எந்தப் பண்ணை?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. மொய் வைத்தவர்கள் அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வருவதில்லை. பிறகு தங்கவேலுக்குச் சில கேள்விகள் எழுதினேன். செத்தவை எல்லாம் ஒரே வரிசையா? அந்த வரிசை கொட்டகையில் எந்தப் பக்கம்? மற்றக் கொட்டகைகளில் ஏதாவது செத்ததா? முந்தைய நாள் அங்கே என்ன மாறியது?

அவர் பதில் எழுதுவதற்குள் நாமக்கல் நிருபர் பிரகாஷ் கூப்பிட்டார்.

"சார், வாட்ஸ்அப் பாத்தீங்களா? நாமக்கல்லில் மர்ம நோய், சேலத்துக்கும் பரவியது, முட்டை வாங்காதீங்கன்னு ஓடுது. ஸ்கிரீன்ஷாட்டோட சார்."

"என்ன ஸ்கிரீன்ஷாட்?"

"தங்கவேலுன்னு ஒருத்தர் பதிவு. கீழயே இளம்பிள்ளைக்காரர் ஒருத்தர் எங்க ஊர்லயும் இருக்குன்னு சொல்லியிருக்காரு. ரெண்டு மாவட்டம் சார். முதல் பக்கம் போகும்."

"இளம்பிள்ளையில கோழி செத்ததை யாராவது பாத்தாங்களா?"

"அதான் அவரே எழுதியிருக்காரே சார்."

"அவரு விமானத்துக்கும் அதையேதான் எழுதினாரு."

பிரகாஷுக்கு இது புரியவில்லை. புரியாததில் தவறில்லை. அவருடைய கையில் இருந்தது இரண்டு மனிதர்கள் சொந்தப் பெயரோடு, ஊரோடு எழுதிய வாக்குமூலம். நம் தொழிலில் அதைவிடக் குறைவான ஆதாரத்தோடு எவ்வளவோ அச்சேறியிருக்கிறது. அவர் அந்தப் படத்தை மட்டும் பார்த்தவர். நான் அந்தப் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் ஆண்டுக்கணக்காகக் குடியிருந்தவன். வேறுபாடு அதுதான். மறுநாள் நாங்கள் போட்டது நான்கு வரிச் செய்தி: ஒரு பண்ணையில் கோழிகள் இறந்தன, மாதிரிகள் சோதனைக்குப் போயிருக்கின்றன, முடிவு வரவில்லை.

பிரகாஷ் பேசிய அன்றே தங்கவேலும் கூப்பிட்டார். பின்னால் பல குரல்கள்.

"சார், பதிவைத் தூக்கிரட்டுங்களா?"

"அதைப் போயி யாருகிட்டடா கேக்கற? மொதல்ல தூக்கு!" என்றது ஒரு குரல்.

"ஊரு பூரா பண்ணை வெச்சிருக்கறோம். நீ ஒருத்தன் கதை எழுதறதுக்கு நாங்கெல்லாம் முட்டையக் கொண்டுபோயி வாய்க்கால்ல கொட்டறதா?" என்றது இன்னொன்று.

"கொஞ்சம் சும்மா இருங்க மாமா, சார் பேசறாரு" என்றார் தங்கவேல்.

"தூக்கினா பதிவுதான் போகும்" என்றேன். "ஊர் சுத்தற படம் போகாது. அப்புறம் அந்தப் படம் ஒண்ணுதான் மிச்சம் இருக்கும். அதுல உங்க மூணு வரி, மாணிக்கத்தோட ஒரு வரி. வேற எதுவும் இருக்காது."

"அப்ப என்னதான் பண்றதுங்க?"

"கீழே கேள்வி கேட்டிருக்கேன் பாருங்க. தெரிஞ்சதுக்குப் பதில் எழுதுங்க. தெரியாததுக்குத் தெரியலைன்னே எழுதுங்க."

"அதை ஃபோன்லயே சொல்லிர்றனுங்களே?"

"எனக்குச் சொன்னா எனக்கு மட்டும்தான் தெரியும்."

இந்த இடத்தைக் கவனியுங்கள். தொலைபேசியில் கேட்டிருந்தால் எனக்குச் செய்தி கிடைத்திருக்கும். அவருக்கு எதுவும் கிடைத்திருக்காது. எல்லோரும் பார்க்கக் கேட்ட கேள்விக்கு எல்லோரும் பார்க்கப் பதில் சொல்லும்போது, அந்தப் பதில் அவருடைய சொத்தாகிறது. யார் கேட்டாலும் அவர் அதைக் காட்டலாம்.

மாலைக்குள் பதில் எழுதிவிட்டார். செத்தவை மேற்குப் பக்கக் கடைசி வரிசை மட்டும். கூரைக்கு அடியில் தண்ணீரைப் பனிபோலத் தெளிக்கும் ஃபாகர் இருக்கும். அந்தப் பக்கத்து மோட்டார் முந்தைய நாள் நண்பகலில் எரிந்துபோயிருந்தது. தொங்கவிட்ட சாக்குப் படுதாவை நனைக்கவும் ஆளில்லை. மற்றக் கொட்டகைகளில் ஒன்றும் சாகவில்லை. "இதனால்தான் செத்தது என்று நான் சொல்லமாட்டேன். அறிக்கை வந்த பிறகு சொல்கிறேன்" என்று முடித்திருந்தார். கடைசி வாக்கியத்தை நான் கேட்கவில்லை. அவராக எழுதியது. அவர்மேல் எனக்கிருந்த மதிப்பு அதனால் கூடியது.

சில நாள் கழித்து அறிக்கை வந்தது. நோய்க்கிருமி எதுவும் இல்லை, வெப்பத்தால் ஏற்பட்ட இறப்பு. அன்று நான் நேரில் போனேன். முட்டை அறையில் தட்டுகள் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தன. அறை நிறைந்து, அடுத்தது வெளித் தாழ்வாரத்தில் தொடங்கியிருந்தது. வழக்கமாக வரும் லாரி வதந்தி கிளம்பிய நாளிலிருந்து வரவில்லை. தங்கவேலின் மனைவி சரசு, புதிதாகப் பொறுக்கிய முட்டைகளை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோழிக்கும் ஒரு ஃபோன் வாங்கிக் குடுத்திருக்கோணும் சார்" என்றார். "அதும் வாட்ஸ்அப்பைப் பாத்துப்போட்டு முட்டை வெக்கறத நிறுத்தியிருக்கும்."

அந்த வெயிலில் முட்டை அதிக நாள் தாங்காது. லாரி வராவிட்டால் இருப்பதெல்லாம் குழிக்குத்தான். அதற்குப் பிறகும் வராவிட்டால் கோழிகளைக் கறிக்குத் தள்ளிவிட்டுக் கொட்டகையைப் பூட்டவேண்டியதுதான். தங்கவேல் இதை ஒரு கணக்கைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அவரிடம் முட்டை எடுப்பவர் பாலக்காட்டு வியாபாரி. எல்லோரும் ராவுத்தர் என்றுதான் சொல்வார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறவர், தமிழ் படிப்பவர். தங்கவேல் அறிக்கையைப் படமெடுத்து அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார். நானும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

"ரிப்போர்ட் பாத்தேன் தங்கவேலு. உங்க கொட்டகையில ஒண்ணுமில்ல. சந்தோஷம்."

"அப்ப வண்டி அனுப்பறீங்களா பாய்?"

"உங்க ரிப்போர்ட் வந்துருச்சு. சேலத்துக்காரர் ரிப்போர்ட் எங்க?"

"அது யாருன்னே எனக்குத் தெரியாதுங்க பாய்."

"தெரியாதவர் எதுக்கு உங்க பக்கத்துல வந்து எழுதறாரு?"

தங்கவேல் என்னைப் பார்த்தார்.

"எனக்கு உங்க மேல சந்தேகம் இல்ல" என்றார் ராவுத்தர். "கடைக்காரன் கேக்கறான். நாமக்கல்லுல இல்லைன்னா சரி, சேலத்துல இருக்குன்னு ஒரு ஆள் பேர் போட்டு எழுதியிருக்கானே, நடுவுல இருக்கற பண்ணைக்கெல்லாம் என்ன உத்தரவாதம்னு கேக்கறான். நான் என்ன சொல்லட்டும்?"

கேள்வியில் குறை சொல்ல எதுவும் இல்லை. இருக்கிற கோழியைச் சோதித்து அறிக்கை வாங்கலாம். இல்லாத கோழிக்கு எந்த ஆய்வகம் அறிக்கை தரும்? அதைத் தரக்கூடியவர் ஒரே ஒருவர்தான்.

மறுநாள் காலை இளம்பிள்ளைக்குப் போனேன். பேருந்து நிலையத்தில் "வலைப்பூ எழுதற மாணிக்கம்" என்றதற்கு யாருக்கும் தெரியவில்லை. "ஃபோனை நோண்டிக்கிட்டே இருக்கற சேலைக்கார மாணிக்கம்" என்று நானே மாற்றிச் சொன்னதும் வழி கிடைத்தது. வீட்டின் பின்புறம் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. முன்னறையில் மடித்த சேலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பெயரைச் சொன்னதும் எழுந்துவிட்டார்.

"அந்தோணி சாருங்களா! என் பதிவுல கேள்வி கேக்கற ஒரே ஆளு நீங்கதானுங்க. வாங்க, உக்காருங்க. ஏம்புள்ள, சாருக்கு டீ" என்று உள்ளே குரல் கொடுத்தார். பிறகு புதிய கரை வடிவங்கள் நான்கைந்தை விரித்துக் காட்டினார். நல்ல வடிவங்கள். பார்த்து முடித்த பிறகு கேட்டேன்.

"தங்கவேல் பதிவு படிச்சீங்களா?"

"கோழிப்பண்ணை தங்கவேல் தானுங்களே? படிக்காம? நம்ம ஃபிரண்டுங்க. கமெண்டே போட்டனே."

"எதைப் பத்தி எழுதியிருந்தாரு?"

கொஞ்சம் யோசித்தார். "முட்டை வெலை எறங்கிருச்சுன்னு எழுதியிருந்தாருங்களா?"

டீயோடு வந்த அவர் மனைவி என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவரு எங்கீங்க படிச்சாரு. பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாருன்னு தெரியாமயே பந்தலுக்குப் பந்தல் மொய் வெக்கற ஆளு."

"நீ சும்மா போ" என்றார் மாணிக்கம். ஆனால் சிரித்தார். நான் கைபேசியில் அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். மேலே பதிவு, கீழே அவருடைய வரி, அதற்கும் கீழே யாரோ சேர்த்த எச்சரிக்கை. அவர் இரண்டு முறை படித்தார். இரண்டாம் முறை உதடு அசைந்தது.

"நம்மகிட்டக் கோழியே இல்லீங்களே" என்றார்.

"தெரியும்."

"இந்தா, இப்பவே தூக்கிடறேன்." கைபேசியை எடுத்துவிட்டார்.

"வேண்டாம். தூக்கினா அந்த இடத்துல 'இந்தக் கருத்து அதன் ஆசிரியரால் நீக்கப்பட்டது'ன்னு ஒரு வரி நிக்கும். அதைப் பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

அவருக்குப் புரிந்தது. யாரோ மிரட்டி எடுக்க வைத்தார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

"அப்ப கீழயே இன்னொண்ணு எழுதிடறனுங்க. எங்க ஊர்ல எந்த நோயும் இல்லைன்னு."

"எந்த நோயும் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா? இங்க சுத்துவட்டாரத்துல இருக்கற பண்ணையெல்லாம் போய்ப் பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப அதையும் எழுதக்கூடாது."

ஓர் ஆதாரமில்லாத வாக்கியத்தை இன்னோர் ஆதாரமில்லாத வாக்கியத்தால் அழிக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். அவசரத்தில் ஆசிரியர் குழுக்களுக்கே தோன்றியிருக்கிறது. நாளை இளம்பிள்ளையில் எங்காவது வேறு காரணத்தால் நான்கு கோழிகள் செத்தாலும் இரண்டாவது வாக்கியமும் பொய்யாகத் தெரியும். பிறகு மூன்றாவதை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

"பின்னே என்னதான் எழுதறது? நீங்களே எழுதிக் குடுத்துருங்க. அப்படியே போட்டுடறேன்."

"நான் எழுதினா வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும். நீங்க எழுதினாத்தான் நம்புவாங்க. என்ன நடந்ததோ அதை எழுதுங்க."

"என்ன நடந்துச்சு?"

"நீங்கதான் சொல்லணும்."

அவர் சேலைகளை மறுபடி மடிக்கத் தொடங்கினார். கடைசிச் சேலையையும் மடித்து அடுக்கில் வைத்தார்.

"படிக்காம எழுதினேன்னு எழுதோணும்" என்றார்.

"ஆமா."

"எழுதினா, நான் இதுவரைக்கும் எழுதின கமெண்டெல்லாம் என்னாகறது? ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பக்கத்துக்குப் போயி என் கமெண்டைத் தேடுவாங்க இல்லீங்களா? எல்லாருக்கும் நல்லவனா இருக்கறதுக்குத்தானுங்களே அத்தனையும் வெச்சேன்."

இதற்கு நான் ஆறுதல் சொல்லவில்லை. அவர் சொன்னது உண்மை. அப்படித்தான் ஆகும். அவரிடம் தங்கவேலின் முட்டை அறை எப்படி இருக்கிறது என்று சொன்னேன். தாழ்வாரம்வரை வந்துவிட்டது என்றேன். லாரி வராவிட்டால் என்ன செய்யவேண்டியிருக்கும் என்று தங்கவேல் சொன்னதைச் சொன்னேன். முடிவை அவரிடம் விட்டேன்.

அவர் மனைவி காலி டம்ளரை எடுக்க வந்தவர் நின்றார். "உங்க சேலையில ஓட்டை இருக்குதுன்னு சேலையப் பாக்காமயே எவனோ எழுதிப்போட்டா, நீங்க சும்மா உடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

மாணிக்கம் கைபேசியை எடுத்தார். முதலில் எழுதியது நீளமாக இருந்தது. வேலை நெருக்கடி, கண்ணில் கோளாறு, மின்வெட்டு என்று காரணங்கள் வரிசையாக வந்தன. என்னிடம் காட்டினார். நான் திருத்தவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்.

"கண்ணு சரியா இருந்திருந்தா படிச்சிருப்பீங்களா?"

"மாட்டனுங்க" என்று சொல்லி அவரே அழித்தார். கடைசியில் நின்றது இது:

"மேலே நான் எழுதியதைப் பதிவைப் படிக்காமல் எழுதினேன். எல்லாப் பதிவுக்கும் இதையே எழுதுவது என் வழக்கம். என்னிடம் கோழிப்பண்ணை கிடையாது. விசைத்தறிதான் இருக்கிறது. எங்கள் ஊரில் கோழிகளுக்கு நோய் இருப்பதாக நான் பார்க்கவும் இல்லை, கேள்விப்படவும் இல்லை. தங்கவேல் என்னை மன்னிக்க வேண்டும். மாணிக்கம், இளம்பிள்ளை."

வெளியிடும் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு அழுத்தினார். நான் விடைபெற்று வந்தேன்.

அவர் பயந்தது நடந்தது. மாலைக்குள் அவர் பின்னூட்டத்துக்குக் கீழே வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். "அப்ப என் கவிதையையும் படிக்கலையாண்ணே?" என்றார் ஒருவர். "என் மகன் காதுகுத்துக்கு எங்க ஊரிலும் இதே நிலைதான்னு வாழ்த்தினவர் நீங்கதானே" என்றார் இன்னொருவர். பெரும்பாலானவை கேலி. ஒன்று மட்டும் கேலி இல்லை. ஒரு பெண் எழுதியிருந்தார்: "என் அப்பா இறந்ததை எழுதினேன். அங்கே நீங்கள் 'தொடருங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதுதான் காரணம் தெரிகிறது." மாணிக்கம் எல்லாவற்றுக்கும் பதில் எழுதினார். அந்தப் பெண்ணுக்கும் எழுதினார். அதில் சாக்குப்போக்கு இல்லை. அதற்குப் பிறகு நண்பர்கள் பலர் அவர் பக்கத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். அவர்களில் சிலர் தாங்களும் மற்றவர்களைப் படிக்காமல் மொய் வைத்தவர்கள்தான் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் ஒப்புக்கொள்ள நேரவில்லை, அவ்வளவுதான்.

தங்கவேல் அந்தப் பின்னூட்டத்தைப் படமெடுத்து அனுப்பலாமா என்று கேட்டார். படம் வேண்டாம், பக்கத்தின் முகவரியையே ராவுத்தருக்கு அனுப்புங்கள் என்றேன். பதிவு, என் கேள்விகள், அவருடைய பதில், மாணிக்கத்தின் இரண்டு பின்னூட்டங்கள், அதன் கீழ் வந்த கேலிகள் எல்லாம் சேர்ந்துதான் சான்று. கேலிகள்கூட. ஏற்பாடு செய்து எழுதவைத்த மறுப்புக்குக் கீழே காதுகுத்து விவகாரம் வராது. மாணிக்கம் எல்லா இடத்திலும் அப்படித்தான் எழுதுவார் என்பதற்கு, என்னைவிட நல்ல சாட்சிகளாக அந்தக் கேலிக்காரர்கள்தான் வந்து நின்றார்கள்.

அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் எழுதும் கட்டுரை உங்கள் பொறுப்பு என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இல்லை. அடுத்தவர் கட்டுரைக்குக் கீழே நீங்கள் எழுதும் ஒரு வரி அவருடைய கட்டுரையின் பகுதியாகிவிடுகிறது. அவருடைய கூரைக்குக் கீழே நின்று, அவருடைய செலவில், உங்கள் பெயரில் பேசுகிறீர்கள். அதைப் பொறுத்து அவர் பிழைக்கவும் கூடும், முழுகவும் கூடும். கேட்கக் கேள்வி இருந்தால் கேளுங்கள். தெரிந்த விவரம் இருந்தால் கொடுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் படித்துவிட்டுப் பேசாமல் போவது மரியாதைக் குறைவு ஆகாது.

ராவுத்தரிடமிருந்து அன்று முழுவதும் அழைப்பு வரவில்லை. தங்கவேல் இரண்டு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. பழைய முட்டைத் தட்டுகளைக் கொட்டக் குழி வெட்ட ஆள் சொல்லிவிட்டதாக என்னிடம் சொன்னார். மறுநாள் காலை வழக்கம்போலப் பக்கத்தைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் கீழே, இதுவரை அங்கே எழுதாத ஒரு பெயரில் இரண்டு வரி இருந்தது.

"முதலிலிருந்து கடைசிவரை படித்தேன், கடைக்காரர்களுக்கும் படித்துக் காட்டினேன். வண்டி கிளம்பிவிட்டது, பழைய தட்டு எதையும் ஏற்ற வேண்டாம்."

அதற்குக் கீழே தங்கவேல் எழுதியிருந்தார்: "சரிங்க பாய்."

அந்தப் பக்கத்தில் வந்தவற்றிலேயே மிகச் சுருக்கமான பதில் அது. எழுதிய இரண்டு பேருமே ஒரு வரி விடாமல் படித்துவிட்டு எழுதியிருந்தார்கள்.